புண் 'தானாக' மூடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் காயம் ஆறுவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளையணுக்கள் வந்து கிருமியோடு சண்டை போடும், அப்புறம் தோல் தானாக மூடிக்கொள்ளும் என்று முடித்துவிட்டார்கள். அந்தத் 'தானாக' என்ற சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. கட்டைவிரலுக்குக் கீழே செருப்பு கடித்த புண் ஐந்து மாதம் ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றியது நான்தான். சீழ் இல்லை, வாடை இல்லை, நடுவில் சிவப்பாகச் சதைகூட வந்துவிட்டது, ஆனால் ஓரம் மட்டும் வெளுத்துத் தடித்துப்போய் வாரக்கணக்கில் இம்மிகூட நகரவில்லை. கிருமி போன பிறகும் ஏன் மூடவில்லை என்றுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கிருமியைக் கொல்ல முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள். 1972-இல் கினிப்பன்றிகளில் அவற்றைக் குறைத்துப் பார்த்தார்கள். சுத்தமான காயம் அவை இல்லாமலும் ஆறியது. 1975-இல் கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களைக் குறைத்தபோதுதான் செத்த திசு அகல்வதும் புதுத் திசு வளர்வதும் தாமதமானது. அதாவது சண்டை போடுவதோடு இந்த அணுக்களின் வேலை முடிவதில்லை, மற்ற செல்களைக் கிளப்பிவிடுவதும் அவைதான்.

2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதை இன்னும் நெருங்கிப் பார்த்தது. ரத்தக்குழாய் அறுந்து ஆக்ஸிஜன் குறைகிற இடத்தில், அந்தக் குறைவு மட்டும் தோல் செல்களை எழுப்பப் போதவில்லை. தோலில் இருக்கும் காமா டெல்டா டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின் 17ஏ என்ற சமிக்ஞைப் புரதம் வந்து சேர்ந்தால்தான் ஓரத்துச் செல்களில், ஆக்ஸிஜன் குறைவைச் சமாளிக்க உதவும் ஹிஃப் 1 ஆல்ஃபா என்ற புரதம் சரியாக வேலை செய்து, அவை குளுக்கோஸை வேகமாகச் செலவழித்து நகர்ந்து காயத்தை மூடுகின்றன. இதே இன்டர்லூக்கின் 17ஏ அளவு மீறினால் தோல் செல்கள் கண்டபடி பெருகி, தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் சோரியாசிஸ் வருகிறது, அதைத் தடுக்கத்தான் ஊசி மருந்தே இருக்கிறது.

அதனால்தான் கட்டுரையின் கடைசியில் பெட்டி கட்டிப் போட்டிருந்த 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்' என்ற அறிவுரை எனக்கு வருத்தமாக இருந்தது. சர்க்கரைக்காரர்களின் ஆறாத புண்ணில் மேக்ரோஃபேஜ்கள் அழற்சி வேலையிலேயே மாட்டிக்கொள்கின்றன, சரிசெய்யும் வேலைக்கு மாறுவதில்லை. அங்கே எதைக் கூட்டுவது? இதை நம்பி கஷாயம் குடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் நாள் கடத்துகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எங்களுக்கு மருத்துவர் அந்தத் தடித்த ஓரத்தைச் சீவி எடுத்து, புண்ணில் எடை விழாத செருப்பு ஒன்றும் போடச் சொன்னார். பதினாறாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஓரத்தில் நூலளவுக்கு இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அப்பாவிடம் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன்.

அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி வெளியிடுங்கள், கால் புண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்