ஹெட்லைட் விற்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

குலசேகரம், திருவட்டார், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற, லைட் பழுது பார்க்கிற அண்ணன்மாருக்கு,

வணக்கம். நான் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவள். இருபது வருசமாக இரண்டரை மணிக்கு எழும்பி, தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறேன். வருசத்துக்கு ஒரு லைட்டாவது உங்களிடம் வாங்கிவிடுகிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்த வருச இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மூன்று வாரம் வெட்டு இல்லை. லைட் ஆணியிலேயே தொங்கிக் கிடந்தது. மழை விட்டதும், படுக்கப் போகும் முன் சார்ஜில் போட்டேன். ஒரு மணி இருக்கும், நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி இனிப்பாக ஒரு வாசம். எங்கள் வீட்டில் நகப்பாலிஷ் போடுகிற ஆள் கிடையாது. எழும்பிப் பார்த்தால் லைட்டின் பின்பக்க டப்பா உப்பியிருக்கிறது, கைவைக்க முடியாத சூடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே கிடந்து கொஞ்ச நேரம் சீறி அடங்கியது. அது இருந்த பிளாஸ்டிக் கூடையில் ஒரு ஓட்டை. கூடைக்கு இரண்டு முழம் மேலே, கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட் நாற்பது தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் தீப்பிடித்தால் எப்படி எரியும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கின கடையில் போய்ச் சொன்னேன். "ராத்திரி முழுக்கப் போட்டிருப்பீங்க அக்கா" என்றார். போட்டேன்தான். இரண்டரைக்கு எழும்புகிறவள் வேறு எப்போது போடுவாள்? போடக்கூடாதென்று விற்கிற அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஐடிஐ முடித்த என் அக்கா மகன் அதே மாதிரி இன்னொரு லைட்டைப் பிரித்துப் போட்டான். உள்ளே பெருவிரல் தண்டியில் ஒரு லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் 18650 என்று பேர். மேலே 9900 எம்ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த அளவு செல்லில் பெரிய கம்பெனிக்காரர்களுடையதே பெரும்பாலும் 3500, 3600 வரைதானாம். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் இது 28 கிராம். நீங்கள் தினமும் கையில் எடுக்கிற பொருள். எடை வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இன்னொன்று, பழுது பார்க்கிறவர்கள் செய்வது. பழைய லைட்டில் 4 வோல்ட் லெட் (ஈய) பேட்டரி இருக்கும். அது செத்ததும், அந்த இடத்தில் லித்தியம் செல்லைப் பற்றவைத்து, பழைய சார்ஜரையே கொடுத்து அனுப்புகிறீர்கள். லெட் பேட்டரிக்கு 4.8 வோல்ட் வரை ஏற வேண்டும். லித்தியம் செல்லோ 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும், அதற்கு மேல் ஏற்றினால் சூடாகி உள்ளேயே கெடும். நிறுத்துவதற்கு ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அதை வைக்காமல் லித்தியம் செல்லை மட்டும் மாற்றித் தராதீர்கள். பழைய லேப்டாப்பில் கழற்றின செல்லைப் போடுவதும் வேண்டாம். அது எத்தனை வருசம் உழைத்தது, எப்படி அடிபட்டது என்று உங்களுக்கே தெரியாது.

என் லைட் ஏன் உப்பியது என்பதற்கும் அக்கா மகன் காரணம் சொன்னான். வாரக்கணக்கில் சும்மா கிடந்து ஒரேயடியாக இறங்கிப்போன செல்லுக்குள் செம்புத் தகடு கரையுமாம். திரும்பச் சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால் மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜோடு வைக்கச் சொல்லுங்கள். உப்பின செல்லை யாரும் சார்ஜில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

எப்போது சார்ஜ் போடலாம் என்று கேட்பார்கள். நான் இப்போது ஷீட் அடித்து முடித்துப் பத்து, பதினொரு மணிக்கு வந்ததும் போடுகிறேன். திண்ணையில் சிமெண்ட் தரையில், வெயில் படாத இடத்தில். சோறு பொங்கிச் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் பச்சை லைட் வந்துவிடுகிறது. நான் முழித்திருக்கிறேன், லைட்டும் கண்ணெதிரே இருக்கிறது. கட்டிலிலும் தலையணைக்குப் பக்கத்திலும் வைக்கிற பிள்ளைகளைத்தான் இன்னும் திருத்த முடியவில்லை.

வாங்கி விற்கும்போது ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் உள்ள செல்லாகப் பாருங்கள். விலை கூடத்தான் செய்யும். கூடுதல் காசு எதற்கென்று சொன்னால் நாங்கள் தருவோம். சொல்லாமல் இருந்தால் மலிவானதைத்தான் கேட்போம், அது எங்கள் குணம்.

செத்த செல் விஷயமும் இருக்கிறது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைக் குப்பையோடு சேர்க்கக்கூடாது. எங்கள் பக்கம் சப்புசவறோடு கூட்டிக் கொளுத்துகிறார்கள், வெடிச்சத்தம் கேட்டுச் சிரிக்கிறார்கள். கடை வாசலில் மூடியுள்ள ஒரு டப்பாவில் மணல் போட்டு வையுங்கள், திரும்பக் கொண்டுவந்து தருகிறோம். நிறைந்ததும் கம்பெனி ஆள் வழியாக அனுப்பிவிடலாம்.

என்னிடம் ஏழு செல் சேர்ந்திருக்கிறது. இரண்டு முனையிலும் செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த சந்தை நாளில் கொண்டு வருவேன். எந்தக் கடையில் டப்பா இருக்கிறதோ, அடுத்த லைட்டும் அங்கேதான்.

இப்படிக்கு,
பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரி