கயிறு எங்கே தெரிந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் ரிபப்ளிக் பட நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, முதுகில் ராக்கெட் கட்டிய நாயகன் பறந்து சந்திரன்காரர்களோடு மோதும் ‘ரேடார் மென் ஃப்ரம் த மூன்’ தொடர்படத்தை, பன்னிரண்டு பாகத்தையும் சேர்த்து, உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “கயிறு தெரியப் பறக்கும் காமெடி.” எந்தப் பாகத்தில், எந்த ஷாட்டில் கயிறு தெரிந்தது என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான் கோடம்பாக்கத்தில் ட்ரிக் ஷாட் எடுப்பவர்களிடம் எடுபிடியாக இருந்தவன். பொம்மை விமானம் தொங்கும் கம்பி விளக்கில் மின்னாமலிருக்க மை பூசிப் பூசி விரல் கறுத்தவன். அப்படியும் ஒரு தடவை மின்னி, யூனிட் மொத்தத்துக்கும் முன்னால் டைரக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தொடரின் ட்ரிக் ஷாட்களை எடுத்த ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் சகோதரர்களோ திறந்தவெளியில், நிஜ வானத்தின் முன்னால், நிஜ வெயிலில் ஆள் பொம்மையைக் கம்பியில் ஓடவிட்டார்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஸ்டன்ட்காரர் தாவுவார், குதிப்பார். நடுவில் பொம்மை. ஒட்டிப் பார்த்தால் ஒரே ஆள்தான் பறந்து வருகிறான்! இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கஞ்சத்தனம் இல்லையா? தாராளமாக இருந்தது. பறக்கிற காட்சிகள் பலவும் 1949-இல் வந்த ‘கிங் ஆஃப் த ராக்கெட் மென்’ தொடரிலிருந்து எடுத்துப் போட்டவை. அதே தோல் சட்டை, அதே ஹெல்மெட், உள்ளே நடிகர் மட்டும் வேறு. நெஞ்சில் இருக்கும் குமிழ்களைத் திருகினால் மேலே, கீழே, வேகம், மெது. பறப்பதற்கு அவ்வளவுதான். பூமியையே பிடிக்க வந்த சந்திரன்காரர்கள் செலவுக்குக் காசில்லாமல் உள்ளூர் ரவுடிகளைக் கொள்ளையடிக்க அனுப்புவார்கள். சிரிப்பதென்றால் இதற்கல்லவா சிரிக்க வேண்டும்? பார்த்திருந்தால் எழுதியிருப்பார்.

பட விளக்கத்தில் “லியனார்ட் நிமாய் நடித்தது” என்று, பின்னாளில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஸ்பாக்காக நடித்தவரின் பெயரை வேறு போட்டிருக்கிறீர்கள். நிமாய் நடித்தது அதே ஆண்டு வந்த ‘ஸோம்பீஸ் ஆஃப் த ஸ்ட்ரேடோஸ்ஃபியர்’. பூமியை ஹைட்ரஜன் குண்டால் அதன் சுற்றுப்பாதையிலிருந்து தள்ளிவிட்டுச் செவ்வாயை அந்த இடத்துக்கு நகர்த்தப் பார்க்கும் செவ்வாய்க்காரர் கும்பலில் ஒருவர். ‘ஸ்டார் ட்ரெக்’ வருவதற்குப் பதினான்கு ஆண்டு முன்னால்.

இது புதிதல்ல. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் படமென்றால் செலவான கோடியைத் தலைப்பிலேயே போட்டு ஆறு பக்கம் கொடுக்கிறீர்கள். எங்கள் காலத்து ட்ரிக் ஷாட் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனபோது ஓரத்தில் நாலு வரிக்கு இடமில்லை. நகைக்கடை விளம்பரத்துக்காக வாசகர் பக்கத்தைப் பாதியாக்கினீர்கள். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, “பாராட்டு” என்ற தலைப்பில் போட்ட பெருந்தன்மையையும் நான் மறக்கவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்கவெல்லாம் வேண்டாம். அந்தப் பட விளக்கத்தை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். ஒரு வரி போதும், ராசிபலனுக்குக் கீழே இடமிருக்கும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோடம்பாக்கம், சென்னை-24