ராத்திரி ரெண்டு மணிக்கு இழுப்பா, பயமா?

அன்புத் தம்பிக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பகலெல்லாம் பற்றவைக்கும் புகையில் உட்கார்ந்து கொலுசு வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு எழுகிறாய், ஆஸ்துமா இழுப்பா வெறும் பயமா என்று புரியாமல் இன்ஹேலரை பஃப் மேல் பஃப் அடிக்கிறாய். அதில் இருக்கும், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தே கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதைப் பார்த்துப் பயம் கூடும். மறுபடியும் இன்ஹேலரைத் தேடுவாய்.

ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கு; நீ ஊதும் வேகத்தை எண்ணாகக் காட்டும் சின்னக் குழாய் அது. மூச்சு சீராக இருக்கும்போது ரெண்டு வாரம் காலையும் மாலையும் ஊது. நின்றபடி, முள்ளைக் கீழே இறக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே வீச்சு. மூன்று தடவை ஊதி அதில் பெரிய எண்ணை எழுது, சராசரி போடாதே. துப்புகிற மாதிரி கன்னத்தால் ஊதினால் எண் பொய்யாக ஏறிவிடும்.

அந்த ரெண்டு வாரத்தில் வந்த பெரிய எண், அதாவது உன் உச்சம், 420 என்று வை. அதில் 80 சதவீதம் 336, பாதி 210. ராத்திரி 390 காட்டுகிறது, விசில் சத்தம் இல்லை, விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரமரக்கிறது என்றால் பெரும்பாலும் பயம்தான். முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார். மூக்கால் இழு, உதட்டைக் குவித்து அதைவிட இருமடங்கு நேரம் விடு. கால் மணி கழித்து மறுபடி ஊது. வாயால் வேகமாக மூச்சு வாங்கினால் மூச்சுக்குழல் காய்ந்து, நிஜ இழுப்பையே கிளப்பிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் வைத்தியம் ஆஸ்துமாக்காரனுக்கு ஆகவே ஆகாது.

336-க்குக் கீழே போனாலோ சந்தேகம் வந்தாலோ இழுப்பென்றே எடுத்துக்கொள். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாக ஒவ்வொரு பஃப்பாக, அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, 10 பஃப் வரை. அடங்கவில்லையென்றால் 108. எண் 210-க்குக் கீழே இருந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலோ 10 வரை காத்திருக்காதே, முதல் பஃப்போடு 108-ஐக் கூப்பிடு.

கைநடுக்கத்துக்கென்று மெடிக்கலில் நீயாக மாத்திரை கேட்காதே. அட்டையில் ப்ரோப்ரனலால் என்று இருந்தால் தொடவே வேண்டாம். மூச்சுக்குழலைச் சுருக்கும், இன்ஹேலரையும் வேலை செய்ய விடாது. சளிக்கும் ஆஸ்துமாவுக்கும் எழுதித் தரும் மான்டலூகாஸ்ட்டும் சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு, சாகும் எண்ணம்வரை கொண்டுவரும்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கையே, அதாவது அவர்களின் மிகக் கடுமையான எச்சரிக்கையே, போட்டது. அதை ஆரம்பித்த பிறகு மனசு மாறியிருந்தால் உடனே டாக்டரிடம் தேதியோடு சொல்.

எதிலும் நாட்டமில்லாமல் ரெண்டு வாரம் ஓடினால் அதையும் நெஞ்சு டாக்டரிடமே சொல்லலாம். சோர்வு வந்தால் முதலில் விட்டுப்போவது இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான், அப்புறம் இழுப்பு தானாக வரும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஏற்காட்டில் பத்து நாள் இருந்தால் சரியாகும் என்று வீட்டில் சொல்வார்கள். போகலாம், ஆனால் விடியற்காலைப் பனியில் நடக்காதே, குளிர்காற்று குழலை இறுக்கும். மீட்டரையும் பையில் போட்டுக்கொள்.

இன்றைக்கே 336, 210 இரண்டுக்கும் பதிலாக உன் எண்களைக் கணக்குப் போட்டு, பெரிய எழுத்தில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டு. அந்த நேரத்தில் உன்னால் கணக்குப் போட முடியாது.