தையற்காரர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கானா நாட்டின் டன்குவா ஊரில் தையற்கடை நடத்தும் மாஸ்டர்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. உறுப்பினர் வீட்டு ஈமச்சடங்குகளுக்குச் சென்று வழக்கமான நன்கொடையை அளித்தோம்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கான திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். 2017 செப்டம்பரில் மேல்நிலைக் கல்வி இலவசமானது முதல் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பள்ளியை முடிக்கிறார்கள். ஆனால் இறுதித் தேர்வில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறைந்தது சி6 என்ற தரம் வராவிட்டால் கல்லூரியில் இடமில்லை. மறுதேர்வுக்குப் பணம் சேர்க்கிறோம் என்று கிளம்பும் பையன்கள் ஆஃபின் ஆற்றங்கரையில் அனுமதியின்றித் தங்கம் தோண்டும் கலாம்சே குழிகளுக்கோ, தவணைக்கு எடுத்த ஒக்காடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளுக்கோ போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வாடகைக்கு ஓர் அறை பிடிக்கலாமென்றால், ஆறு மாத முன்பணத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், வீட்டுக்காரர்கள் இரண்டு ஆண்டு வாடகையை மொத்தமாகக் கேட்கிறார்கள். அறை இல்லாதவன் பெண் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்கும் ‘கதவைத் தட்டும்’ சடங்கைச் செய்ய முடியாது. அதனால் முப்பதை நெருங்கியவனையும் ஊர் சின்னப் பையன் என்றே கூப்பிடுகிறது.

இதில் நம் பங்கும் உண்டு என்பதே என் கருத்து. சேரும்போது கட்டணமும் மதுப்புட்டியும் கேட்கிறோம். தையல் இயந்திரத்தையும் பிள்ளையே கொண்டுவர வேண்டும். மூன்று ஆண்டு பழகி முடித்த பின்பும் பயிற்சி முடிந்ததென்று அறிவிக்கும் விடுவிப்புச் சடங்குக்குப் பணம் கட்டும்வரை சான்றிதழ் தருவதில்லை. தொழில் கைவந்த பிறகும் அந்தப் பணத்துக்காகக் கடை பெருக்கி, மேடத்தின் குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். எனவே கட்டணத்தைத் தவணையாகப் பெறவும், சடங்குச் செலவைக் குறைக்கவும், எழுத்தில் ஒப்பந்தம் செய்யவும் சென்ற பொதுக்கூட்டம் முடிவு செய்தது. சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் துணி வெட்டும் பயிற்சியும் தொடங்கினோம். சிமெண்ட் மூட்டைத் தாளை விரித்து, அதன் மேல் சுண்ணக்கட்டியால் கழுத்து வளைவை வரைந்து, அழித்து மறுபடி வரைந்து, கடைசியில் தயங்காமல் கத்தரி வைத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தால், வராத உறுப்பினர்கள் அடுத்த வாரம் தாமாகவே வந்திருப்பார்கள்.

வருத்தத்துடன் சொல்கிறேன்: கை தூக்கி ஆதரித்தவர்களில் பாதிப்பேர்கூட ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. கற்றுத்தர முறை வைத்தும் அதே இரண்டு மூன்று மேடம்களே வாரந்தோறும் வந்தார்கள். சந்தா கட்டாதவர்களின் பெயரை இங்கே வாசிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்களுள் பெரிய கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவாக வந்ததில் பெரும்பகுதி நன்கொடைகளுக்கும் கூடத்தின் வாடகைக்கும் செலவாகி, சிறு தொகை இருப்பில் உள்ளது. கணக்குப் புத்தகத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவருக்கும், கூடம் தந்த தேவாலயத்தாருக்கும், பயிற்சியளித்த மேடம்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், இயந்திரம் வாங்க முடியாத பிள்ளைகளுக்காகச் சங்கத்தின் பெயரில் கை இயந்திரங்கள் சில வாங்கி வைக்க எண்ணியுள்ளோம். பழையதாக இருந்தாலும் ஓடுகிற இயந்திரம் எவர் கடையிலாவது மூலையில் கிடந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒப்பந்தத் தாள்கள் என்னிடம் உள்ளன. நிலுவைச் சந்தாவைக் கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் பெற்றுக்கொள்வார்.

இவண்,
செயலாளர்