தோள்பட்டைமேல் போட்ட பழி

பெங்களூரு,
மார்கழி, ஞாயிறு மாலை

அன்பு சேகர்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. முட்டிவலி, பேத்தியின் ஆண்டுவிழா நடனம், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் விலை எல்லாம் படித்தேன். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார்: "கார் ஷெட் ஷட்டர் ரொம்பக் கனக்கிறது, வயசாகிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நானே கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்துவிடுகிறேன்." இந்தப் பதில் அந்த ஒரு வரிக்குத்தான். முட்டிக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், கனப்பது உன் வயசு இல்லை. நானும் இதே தப்பைத்தான் செய்தேன்.

சர்ஜாபூர் சாலையில் மகன் வாங்கிய வீட்டில் இருப்பது உன்னுடையது போலச் சுருண்டு ஏறும் ஷட்டர் அல்ல. நாலு பெரிய தகடுகளைக் கீல் போட்டுக் கோத்திருப்பார்கள். ரிமோட்டை அமுக்கினால் தண்டவாளத்தில் ஏறிப்போய்க் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கும் கராஜ் கதவு. இரண்டு கார் நுழையும் அகலம், ஏழடி உயரம், எண்பது கிலோவாவது இருக்கும். ஆவணியில் ஒருநாள் கரண்ட் போனபோது கையால் தூக்கினேன், பாதியில் மூச்சு வாங்கியது. தோள்பட்டை போய்விட்டது என்று முடிவு கட்டி, இரண்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவின்மேல் சந்தேகமே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு விடிகாலை, நாலரை மணி இருக்கும், கீழே 'டமார்' என்று ஒரு சத்தம். கோலார் தங்கவயலின் லைன் வீட்டில் நாம் இருந்தபோது ராத்திரியில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ராக் பர்ஸ்ட் ஆனால் பாத்திர அலமாரி குலுங்குமே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. எழுந்து உட்கார்ந்து, அப்பா ஷிஃப்டில் இருக்கிறாரா என்று ஒரு நொடி யோசித்தேனடா. மகன் கேஸ் சிலிண்டர் என்று நினைத்து ஓடினான். எங்கும் ஒன்றும் தெரியவில்லை, திரும்பப் படுத்துவிட்டோம்.

காலையில் மகன் ரிமோட்டை அமுக்கினான். மோட்டார் முனகியது, கதவு ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து, அதை இறக்கிவிட்டு, மோட்டாரிலிருந்து கதவைப் பிரிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தேன். இருவரும் சேர்ந்து தூக்கினோம். முழங்கால் உயரம் வந்ததும் கை நழுவியது. கீழே விழுந்த வேகத்தில் என் ரப்பர் செருப்பின் நுனி நசுங்கிப்போனது. விரல் அரை அங்குலம் உள்ளே இருந்தது. இதே கயிற்றைக் கதவு மேலே திறந்து நிற்கும்போது இழுத்திருந்தால் கதவு ஒரேயடியாக இறங்கியிருக்கும்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, அதன்மேல் இரண்டு சுருள் ஸ்பிரிங். இடப்பக்கத்துச் சுருளில் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. முறிந்திருந்தது.

முப்பத்திரண்டு வருடம் டூல் ரூமில் இருந்தவனுக்கு இது ஒரு வேலையா? ஸ்டூலைப் போட்டு ஏறி, முறிந்ததை விட்டுவிட்டு வலப்பக்கத்து ஸ்பிரிங்கை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவில் ஸ்பேனரை மாட்டினேன். அது நன்றாக இருக்கிறதே, முதலில் அதைக் கழற்றி அளவெடுப்போம் என்று கணக்கு. மருமகள் வாசலிலிருந்து, "மாமா, இறங்குங்க. ஆளுக்குப் போன் பண்ணியாச்சு" என்றாள். எரிச்சலோடு இறங்கினேன்.

அவள் ஐந்து நிமிடம் கழித்து வந்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. முறிந்த ஸ்பிரிங்கால் ஆபத்தில்லை, அது செத்த பாம்பு. முறியாத இன்னொன்று முழு முறுக்கில் உயிரோடு இருந்தது. செட் ஸ்க்ரூவைத் தளர்த்தியிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் ஒரே நொடியில் என் ஸ்பேனர் வழியாக என் முகத்துக்கு வந்திருக்கும்.

நம் அப்பாக்கள் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை நினைத்துக்கொள். ஒரு கூண்டு இறங்கினால் இன்னொன்று ஏறும். இன்ஜின் இழுப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இந்தக் கதவில் ஸ்பிரிங்தான் அந்த இன்னொரு கூண்டு. கதவு இறங்க இறங்க, இருபக்கமும் டிரம்மில் சுற்றிய கம்பி வடம் ஷாஃப்டைத் திருப்பி ஸ்பிரிங்கை முறுக்கேற்றும். ஏறும்போது அந்த முறுக்கே கதவைத் தூக்கும். மோட்டார் தாங்குவது சில கிலோதான். கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கு உச்சத்தில் இருக்கும், அதனால்தான் யாரும் தொடாத நேரத்தில் அது முறிந்தது. (டார்ஷன் ஸ்பிரிங், அதாவது முறுக்கு ஸ்பிரிங் என்று பெயர், ஆனால் கம்பிக்குள் நடப்பது முறுக்கல் இல்லை, வளைவு. இதைச் சொன்னால் இங்கே கேட்க ஆள் இல்லை, அதனால் உனக்கு.)

பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தான். ஆம்பூர்ப் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். அவனிடம் நான் முதலில் கவனித்தது இரண்டு இரும்புக் கம்பிகளை. அரை அங்குலத் தடிமன், ஒன்றரை அடி நீளம், ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் கோனில் உள்ள துளைக்குப் பிசகாமல் பொருந்தின. "ஸ்க்ரூடிரைவர் போட்டுச் சுத்தக் கூடாதா?" என்று கேட்டேன். வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினான், நீளமாக ஒரு தழும்பு. "வேலை கத்துக்கும்போது போட்டேன் அங்கிள்" என்றான்.

ஷாஃப்ட் திரும்பாதபடி இடுக்கியால் பூட்டிவிட்டு, ஒரு கம்பியைத் துளையில் செருகி அழுத்திப் பிடித்தபிறகுதான் செட் ஸ்க்ரூவைத் தொட்டான். கால் சுற்று இறக்கி, அடுத்த துளையில் இரண்டாவது கம்பியைச் செருகி, பிறகுதான் முதல் கம்பியை உருவினான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் காலியாக ஒருமுறைகூட விடவில்லை. முகமும் நெஞ்சும் கம்பி வீசும் வழியில் வராமல் ஒதுங்கியே நின்றான். நல்ல டர்னர் லேத்தில் சுழலும் சக் முன்னால் நிற்பானே, அப்படி.

பழைய ஸ்பிரிங்கைக் கீழே இறக்கியதும் என் வெர்னியரை எடுத்து வந்தேன். ஒரு சுற்றை அளந்தால் தப்பு வரும் என்று இருபது சுற்றை அளந்தோம்: ஐந்து அங்குலம். ஆக, கம்பி கால் அங்குலம். அப்புறம் உள்விட்டம், நீளம், சுருளின் கை, அதாவது இடமா வலமா. இவற்றில் ஒன்று மாறினாலும் கதவோடு சேராது. முறிந்தது ஒன்றுதான், ஆனால் இரண்டையும் மாற்றச் சொன்னான். பேரம் பேசவில்லை, இரண்டும் ஒரே நாள் பிறந்தவை. புதியவை ஒவ்வொன்றையும் ஏழடிக் கதவுக்கு ஏற்ப முப்பது முறை கால் கால் சுற்றாக, அதாவது ஏழரைச் சுற்று ஏற்றினான். ஸ்பிரிங்கின்மேல் நீளவாக்கில் இருந்த வெள்ளைக் கோடு முறுக முறுகப் பட்டைகளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அதை எண்ணினால் எத்தனை முழுச்சுற்று என்று தெரிந்துவிடும்.

சாதாரணமாக இந்த ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முறை என்று வைப்பார்கள். ஒரு திறப்பும் ஒரு மூடலும் சேர்ந்து ஒருமுறை. மகன் ஆபீஸ், மருமகள் ஆபீஸ், பேரன் கிரிக்கெட் என்று எங்கள் வீட்டில் தினம் நாலு முறை. 2,500 நாள், ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் குடிவந்து ஏழாவது வருடம் நடக்கிறது. என் தோள்பட்டை நிரபராதி.

போகும்முன் ஒரு சோதனை காட்டினான். கதவு மூடியிருக்கும்போது கயிற்றை இழுத்து, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெல்ல விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, தானாக ஏறினால் முறுக்கு அதிகம். ஆவணியில் இதைச் செய்திருந்தால் தைலம் மிச்சம். மருமகள், "கீழே சென்சார் கண் இருக்கே, குழந்தை நின்னா கதவு திரும்பிடுமே" என்றாள். அமெரிக்காவில் 1993 முதல் மோட்டார் கதவுகளுக்குச் சட்டமே உண்டு, உண்மைதான். ஆனால் அந்தக் கண் நிறுத்துவது மோட்டாரை. ஸ்பிரிங் முறிந்து தானாக விழும் கதவுக்கு அது வெறும் பார்வையாளர்.

இப்போது உன் ஷட்டர். அதில் ஸ்பிரிங் மேலே பெட்டிக்குள், குழாயோடு சேர்ந்து இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதுவே கூடுதல் பயம். மேலே ஏற்றியபின் தானாக வழுகுகிறதா? ஒரு பக்கம் முந்தி ஏறுகிறதா? இருந்தால் மூடி வைத்துவிட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்து. பேத்தியை அடியில் விளையாட விடாதே. ஷட்டர் ஓடும் பக்கத்துச் சேனலைத் துடைத்து எண்ணெய் விடுவது வரை உன் வேலை. பெட்டியைத் திறப்பது ஷட்டர் ஆள் வேலை. நான் சொன்னால் கேட்கமாட்டாய் என்பதால் இந்தக் கடிதத்தைத் தங்கச்சியையும் படிக்கச் சொல்.

முட்டிக்கு: படிக்கட்டைக் குறை, எடையைக் குறை. வேறு மந்திரம் என்னிடம் இல்லை.

முறிந்த ஸ்பிரிங்கில் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். லென்ஸில் பார்த்தால் வெளி ஓரத்தில் கடுகு அளவு துரு, அதிலிருந்து மழமழவென்று ஒரு பிறை, மிச்சமெல்லாம் சர்க்கரை மாதிரிச் சொரசொரப்பு. அந்தப் பிறை எத்தனை மாதம் மெல்ல மெல்ல வளர்ந்ததோ. பொங்கலுக்கு மறுநாள் மாரிக்குப்பம் வண்டியில் வரும்போது கொண்டு வருகிறேன். அதுவரை ஸ்டூலில் ஏறாதே.

உன்,
பாலு