முகமூடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள்

ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் கெலெடே முகமூடி ஒன்றைப் பார்த்தேன். கெலெடே என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் ஆடும் முகமூடிக் கூத்து. கண்ணாடிப் பெட்டிக்குள், சரியாக என் முகத்துக்கு நேரே வைத்திருந்தார்கள். சீட்டில் 'மர முகமூடி, யொரூபா' என்பதோடு சரி. பக்கத்தில் நின்றவர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதை மாட்டிக்கொண்டால் வழி எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. கெலெடேயை முகத்தில் மாட்டுவதில்லை, உச்சந்தலையில் தொப்பி போலக் கவிழ்ப்பார்கள். ஆடுபவரின் முகத்தை அதிலிருந்து தொங்கும் துணி மறைக்கும். அவர் பார்ப்பது அந்தத் துணி வழியாகத்தான். முகமூடியின் தலைமேல் பாம்பு, பறவை, சந்தைக்காரி, தையல் இயந்திரம், ஏன், மோட்டார் சைக்கிள் கூட இருக்கும். ஊர் எதைப் பேசுகிறதோ அதைச் சிற்பி செதுக்கிவிடுவார்.

உங்கள் சீட்டில் விடுபட்டது பெண்கள். நைஜீரியாவின் தென்மேற்கிலும் பக்கத்து நாடான பெனினின் கேத்து பகுதியிலும் இந்தக் கூத்தே 'நம் தாய்மார்' என்று அழைக்கப்படும் பெண்களுக்காகத்தான். முதுபெண்களுக்குப் பிள்ளையையும் மழையையும் தரும் ஆற்றல் உண்டு, கோபம் வந்தால் கெடுக்கும் ஆற்றலும் உண்டு என்பது நம்பிக்கை. அவர்களைக் குளிர்விக்க ஆண்கள் மார்பும் இடுப்பும் வைத்துக் கட்டி, காற்சிலம்பு ஒலிக்க, இரண்டிரண்டு பேராக ஆடுகிறார்கள். முந்தின இரவு எஃபே. ஊரில் தப்பு செய்தவர்களைப் பாட்டில் வைத்துக் கிழிக்கும் இரவு அது. கூத்துக்குப் பூசாரித் தலைவி ஒரு பெண்தான். தாய்மையைப் போற்றுவது என்றால் காலண்டர் படம் போல மென்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயமும் கலந்த மரியாதை இது.

2001-இல் யுனெஸ்கோ கெலெடேயை மனிதகுல வாய்மொழி மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. கவனியுங்கள், மரத்துண்டை மட்டும் அல்ல. பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்து.

ஆகவே கேட்பது இதுதான். முகமூடியை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள், கீழே துணி தொங்கட்டும். ஜோடியில் மற்றது உங்களிடம் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, சீட்டில் சொல்லுங்கள். 'பெயர் தெரியாத கலைஞர்' என்று எழுதும் முன் கொஞ்சம் தேடுங்கள்; மேகோ ஊர் டுகாவைப் போலப் பெயர் பதிவான சிற்பிகளும் உண்டு. அப்புறம், பெட்டிக்குப் பக்கத்தில் மேளச் சத்தம் மெல்லக் கேட்கும்படி ஒரு ஒலிபெருக்கி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
அண்ணாந்து பார்க்கக் காத்திருக்கும் ஒரு பார்வையாளர்