அகல எழுத்து விவகாரம்

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். தாடி வழக்கம்போல ஊரையே திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

உன் தொகுப்பைத் திறந்தேன். ஆங்கிலத் தலைப்புகள் எல்லாம் காலை அகட்டி நிற்கின்றன. அழகுக்காக முழு அகல எழுத்துகளை, அதாவது ஒரு கான்ஜி (ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து) அளவுக்கு அகலமான ரோமன் எழுத்துகளைப் போட்டிருக்கிறாய், அப்படித்தானே? அவற்றோடு மல்லுக்கட்டி இப்போதுதான் மீண்டவனிடமா இதைக் காட்டுவது!

ஜப்பானிய விசைப்பலகையில் யாரோ அடித்த தொகைகள் எங்களுக்கு வந்தன, １２３ என்று. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சோதனை, எண்தான் என்று உள்ளே விட்டது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழிப் பக்கம் போனதும் அதே தொகை எண்ணே இல்லை என்றாகிவிட்டது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரம்தான் யூனிகோடு. அது எதையெல்லாம் பதின்ம இலக்கம் என்கிறதோ அதையெல்லாம் பைத்தான் ஏற்கும். ௧௨௩ என்று கொடுத்துப் பார், 123 என்று வாங்கிக்கொள்ளும்! ஜாவாஸ்கிரிப்டுக்கு நாம் வழக்கமாக அடிக்கும் 0 முதல் 9 வரைதான் தெரியும்.

இந்த அகல எழுத்துகளைப் படைத்தவர்களைத் திட்டவும் முடியாது. அன்றைய திரைகளில் ஒரு கான்ஜி எழுத்துக்கு இரண்டு கட்டம் வேண்டும். 1978-இல் வந்த ஜப்பானியத் தரம், கான்ஜியோடு ரோமன் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டது. அவையும் இரண்டு கட்டம் பிடித்தன, ஒரு கட்டப் பழைய எழுத்துகளும் கூடவே இருந்தன. இப்படி ஒரே கோப்பில் இரண்டு வகை ஆங்கில ‘ஏ’ (A) வந்துவிட, யூனிகோடு இரண்டையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. யூனிகோடில் சாதாரண ‘ஏ’-யின் எண் 65. அதோடு 65248-ஐக் கூட்டினால் அகல ‘ஏ’, 65313. இடைவெளி மட்டும் கணக்கில் அடங்காமல் 12288-இல் போய் உட்கார்ந்திருக்கிறது. அது நிரலுக்குள் புகுந்தால் பைத்தான் பிழை என்று நின்றுவிடும். நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் என்.எஃப்.கே.சி. முறையில், அதாவது ஒரே எழுத்தின் வேறு வடிவங்களைச் சாதாரண வடிவத்துக்கு மாற்றும் யூனிகோடு முறையில், சாதாரணமாக்கிவிடலாமே என்பாய். அகல எழுத்து சரியாகும்தான். ஆனால் உன் தொகுப்பில் சூத்திரங்கள் இருக்கின்றன, 10² என்பதை அது 102 ஆக்கிவிடும். மூலத்தைத் தொடாதே. தேடலுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அதில் மாற்று. தொகைகளாக இருந்தால் இலக்கங்களை மட்டும் மாற்றினால் போதும்.

விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். தாடி இப்போது திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் எதையும் வாசிக்கிறான். உன் தலைப்புகளை அது ஒவ்வோர் எழுத்தாகக் கடித்துத் துப்புகிறதாம். முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டான். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, உன் மேல்தான்.

தலைப்பு விரிந்து தெரிய வேண்டுமென்றால் வடிவமைப்பில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டு. பார்வைக்கு அதே அழகு, உள்ளே இருப்பதோ சாதாரண எழுத்து. திருத்தியதை முதலில் தாடிக்கு அனுப்பு, எனக்கு அப்புறம் போதும். மூன்றாம் பகுதி அட்டகாசம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதிலாவது கமா போடக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

உன்,
அரைப்புள்ளி